ஈரானியப் படங்களில் ஏழைமை: செருப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு

"ஈரானியப் படமா? ஓர் ஏழைப் பையன், தொலைந்துபோன ஒரு பொருள், கடைசியில் கொஞ்சம் கண்ணீர்." திரைப்பட விழா வரிசைகளில் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். சொல்வதில் பாதி உண்மை. மஜித் மஜிதி 1997இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'தான் நம்மில் பலருக்கு ஈரானியத் திரைப்படத்தின் வாசல். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் கதை அது. 2022இல் 'அக்கா குருவி' என்று தமிழிலும் வந்துவிட்டது.

அந்த வாசலிலேயே பலர் நின்றுவிடுவதுதான் சிக்கல். 'எளிமை', 'மனிதநேயம்' என்ற இரண்டு சொற்களை ஒட்டி, எல்லா ஈரானியப் படங்களையும் ஒரே அலமாரியில் அடுக்கிவிடுகிறோம். ஏன் அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு ஜோடி செருப்பு வாங்க முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஈரானிய இயக்குநர்களோ அதைத்தான் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் படங்களில் வர்க்கம் என்பது குடிசையும் மாளிகையுமாகக் காட்டப்படுவது குறைவு. ஓர் அசம்பாவிதம் நடந்தால் யாருக்கு என்ன விலை என்ற கணக்காகவே அது வருகிறது. அந்தக் கணக்கின் நான்கைந்து உறுப்புகள் புரிந்துவிட்டால், பார்த்த படங்களே வேறு படங்களாகத் தெரியும்.

வர்க்கம் என்ற சொல்லை இங்கே எந்தப் பொருளில் சொல்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் எதை விற்றுப் பிழைக்கிறார், கையில் மீதம் என்ன இருக்கிறது, விழுந்தால் தாங்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள்: இந்த மூன்றும் சேர்ந்ததுதான். சம்பளத் தொகை மட்டும் அல்ல.

மேட்டில் ஒருவர், பள்ளத்தில் ஒருவர்

தெஹ்ரான் ஒரு சரிவில் கிடக்கும் நகரம். வடக்கே அல்போர்ஸ் மலை, தெற்கே பாலைநிலம். நகரின் நீண்ட சாலையான வலியஸ்ர், தெற்கில் ரயில் நிலையத்தருகே சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் தொடங்கி, வடக்கே தஜ்ரீஷில் 1,600 மீட்டரைத் தொடும். மேலே போகப்போகக் காற்று குளிரும், மரம் கூடும், வீட்டு விலை ஏறும். சாலையோரமாக ஓடும் நீர்வாய்க்கால்களும் மலையிலிருந்து கீழே வருகின்றன. குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன் தெற்கே இருந்தவர்களுக்குக் கிடைத்தது, வடக்கே இருந்தவர்கள் பயன்படுத்தி விட்ட மிச்சம்.

இந்தச் சரிவை மனதில் வைத்துக்கொண்டு 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். அப்பா மருந்து தெளிக்கும் கருவி ஒன்றைத் தேடிப்பிடித்து, மகன் அலியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, தோட்ட வேலை கேட்டு வடக்கே போகிறார். ஒவ்வொரு பெரிய வீட்டு வாசலிலும் சுவரில் ஒரு பேசும் கருவி. மணியை அழுத்தினால் உள்ளிருந்து குரல் மட்டும் வரும், ஆள் வரமாட்டார். வீட்டில் மகனை அதட்டுகிற மனிதருக்கு அந்தக் கருவியின் முன் வாய் குழறுகிறது. என்ன வேலை, யார் நீங்கள் என்று குரல் கேட்க, அவர் திணறுகிறார். பையன்தான் முன்னால் வந்து பேசுகிறான். ஒருவழியாக ஒரு வீட்டில் வேலை கிடைத்து, கூலியும் கைக்கு வந்து, இனி என்னென்ன வாங்கலாம் என்று அப்பா கனவு கண்டபடி திரும்பும்போது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் சைக்கிள் சரிந்து இருவரும் விழுகிறார்கள்.

விபத்து தற்செயல்தான். ஆனால் வடக்கிலிருந்து தெற்குக்கு வரும் வழி இறக்கம் என்பது தற்செயல் இல்லை. சம்பாதித்த கையோடு விழ வைக்கும் அந்தச் சரிவு நகரத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. பல இயக்குநர்கள் இந்த ஊர்ச்சரிவையே கதைச்சரிவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜாஃபர் பனாஹியின் 'கிரிம்சன் கோல்டு' (2003) இதே ஏற்றத்தை மோட்டார் சைக்கிளில் ஏறுகிறது. அப்பாஸ் கியாரோஸ்தமி எழுதிய திரைக்கதை. நாயகன் ஹுசைன் பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பவன். நடித்தவரும் நிஜத்தில் அதே வேலை செய்தவர். நகைக்கடைக்காரர் முதல் தடவை அவனை உள்ளேயே விடுவதில்லை. கோட்டும் டையும் போட்டு, மணக்கப்போகும் பெண்ணுடன் மறுபடி போனால், கீழே பஜாரில் சாதாரணத் தங்கமாக வாங்கினால் கஷ்ட காலத்தில் விற்றுக்கொள்ளலாமே என்று யோசனை சொல்கிறார். கேட்க நல்ல யோசனைதான். 'உனக்குக் கஷ்ட காலம் வரும்' என்பதை முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்ட யோசனை. ஹுசைன் கத்துவதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. படத்தின் முதல் காட்சியிலேயே அந்தக் கடையில் நடப்பதைப் பார்த்துவிட்டதால், அந்த மௌனம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது இவ்வளவு: தெஹ்ரானில் வர்க்கத்துக்கு ஒரு முகவரி உண்டு. வேலைக்கு ஏற வேண்டும். வீட்டுக்கு இறங்க வேண்டும்.

முன்பணம் என்னும் தரை

அடுத்த உறுப்பு வீட்டு வாடகை. நம் ஊரில் 'ஒத்திக்கு வீடு' என்பது பலருக்குத் தெரியும். ஒரு பெரிய தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுக் குடியேறுவோம். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். ஈரானில் 'ரஹ்ன்' என்பது ஏறத்தாழ இதுதான். முழுத் தொகையும் ரஹ்னாகக் கொடுக்கலாம். அல்லது பாதி ரஹ்ன், மீதி மாத வாடகை என்று பேசிக்கொள்ளலாம். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு.

முன்பணத்தில் பத்து இலட்சம் தோமான் (ஈரானியர் பேச்சில் வழங்கும் பண அலகு) குறைந்தால், மாத வாடகையில் 30,000 தோமான் கூட்டிக்கொள்வது நெடுநாளாக இருந்துவரும் சந்தை வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதம் மூன்று சதவீதம்; ஆண்டுக்கு 36 சதவீதம். கையில் மொத்தத் தொகை இல்லாதவன், இல்லாமல் போனதற்கு வட்டி கட்டுகிறான். இருப்பவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

அந்த 'இருப்பவன்' பாடும் நிம்மதி இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 40 சதவீதம் ஏறும் நாட்டில், போன ஆண்டு கொடுத்த முன்பணம் இந்த ஆண்டு கைக்கு வரும்போது அதே வீட்டை மறுபடி எடுக்கப் போதாது. அதனால் குடும்பம் இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்கிறது. பிறகு நகரத்தைத் தாண்டி இஸ்லாம்ஷஹர், பாக்தஷ்த் பக்கம். வேலை இருந்த இடத்தில் இருக்கிறது; பஸ் பயணம் நீள்கிறது. யாரும் யாரையும் துரத்தவில்லை. ஒரு வருஷ ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான்.

சொந்தமாக ஒரு சின்ன வீடு இருந்துவிட்டால்? ரக்ஷான் பனி-எதெமாதின் 'அண்டர் தி ஸ்கின் ஆஃப் தி சிட்டி' (2001) அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. தூபா ஒரு நெசவாலைத் தொழிலாளி. பஞ்சுத்தூசியில் இருமிக்கொண்டே வேலைக்குப் போய் வீட்டைத் தாங்குகிறவள் அவள். பத்திரம் மட்டும் கணவன் பெயரில். மூத்த மகன் அப்பாஸுக்கு ஜப்பான் போய்ச் சம்பாதிக்க வேண்டும். விசாவுக்குப் பணம் வேண்டும். அப்பனும் மகனும் சேர்ந்து வீட்டை விற்றுவிடுகிறார்கள். விசா வாங்கித் தருவதாகச் சொன்னவர்கள் பணத்தோடு மறைகிறார்கள். மகனிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. குடும்பத்தை ஒரே தாவலில் மேலே ஏற்றப் பார்த்தான். ஒரே தாவலில்தான் ஏற முடியும் என்று அவன் நினைத்ததும் தப்பில்லை, ஏனென்றால் படிப்படியாக ஏறுவதற்குப் படி எதுவும் அங்கே இல்லை. என்னைக் கேட்டால், ஈரானியத் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி எடுக்கப்பட்டவற்றில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் படம். ஆஸ்கர் வென்ற 'எ செப்பரேஷன்' பெற்ற புகழில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்காதது அநியாயம்.

இரத்தப்பணம்

இப்போது கொஞ்சம் கடினமான உறுப்பு. ஈரானியத் தண்டனைச் சட்டத்தில் 'தியே' என்று ஒன்று உண்டு. ஒருவரால் இன்னொருவருக்கு உயிரிழப்போ உடற்சேதமோ நேர்ந்தால், பாதிக்கப்பட்டவருக்கு அல்லது குடும்பத்துக்குச் செலுத்த வேண்டிய ஈட்டுத்தொகை அது. தமிழில் இரத்தப்பணம் எனலாம். முழு உயிருக்கான தொகையை நீதித்துறை ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறது. உறுப்புகளுக்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் அதிலிருந்து பங்கு கணக்கிடப்படும். புனித மாதங்களில் நடந்த மரணம் என்றால் தொகை மூன்றில் ஒரு பங்கு கூடும். பெண்ணுக்கான தியே சட்டப்படி ஆணுடையதில் பாதி.

சட்டம் எல்லோருக்கும் ஒரே தொகையைச் சொல்கிறது. ஆனால் ஒருவருக்கு அது காரை விற்றால் தீரும் தொகை. இன்னொருவருக்கு ஆயுள் முழுவதும் உழைத்தாலும் சேராத தொகை. வாங்குகிற பக்கத்திலும் அப்படித்தான். ஏழைக் குடும்பத்துக்கு, நேர்ந்த துயரமே கடனை அடைக்கும் ஒரே வழியாகவும் ஆகிவிடுகிறது. அந்தக் கூச்சத்தை நினைத்துப் பாருங்கள்.

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' (2011) பிரியும் தம்பதியரின் கதை என்றே விளம்பரமானது. பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது, 2012இல் ஆஸ்கர் என்று உலகம் சுற்றியது. என் பார்வையில் அது நாதெர், சிமீன் தம்பதியின் படம் பாதி. ரஸியேயின் படம் மீதி. நாதெர் வங்கி ஊழியர். மறதிநோய் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கர்ப்பிணியான ரஸியே, கணவனுக்குத் தெரியாமல், சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு தொலைவிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். கணவன் ஹொஜ்ஜத் செருப்புத் தைக்கும் வேலை போனவன். கடன்காரர்கள் அவனைச் சிறை வரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

வேலைக்கு வந்த முதல் நாளே முதியவர் உடையில் சிறுநீர் கழித்துவிடுகிறார். அவரைக் கழுவி உடை மாற்றினால் பாவமா என்று ரஸியே மார்க்க விளக்கம் சொல்லும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்கிறாள். மேல்தட்டுப் பார்வையாளர் சிரிக்கும் இடம் இது. ஆனால் அவளுக்கு வேலை, பாவம், கணவனின் கோபம் என்று மூன்றும் ஒரே நேரத்தில் தலைமேல் நிற்கின்றன. நாதெருக்கு அலுவலகத்துக்கு நேரமாகிறது, அவ்வளவுதான்.

பிறகு மேசை இழுப்பறையில் இருந்த பணம் காணவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு. உண்மையில் அந்தப் பணத்தைச் சிமீன்தான் எடுத்துப் பியானோ தூக்க வந்த கூலிக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறாள். கூடுதலாக ஒரு மாடி ஏற்றியதற்கு அவர்கள் கேட்ட கூலி அது. படத்தின் தொடக்கத்தில் சலசலப்போடு சலசலப்பாக வந்துபோவதால் பலர் கவனிப்பதில்லை. ஓர் உழைப்பாளிக்குக் கொடுத்த பணத்துக்காக இன்னோர் உழைப்பாளி திருடி ஆகிறாள். நாதெர் அவளைக் கதவுக்கு வெளியே தள்ளுகிறார், கரு கலைகிறது, வழக்கு. நான்கரை மாதம் கடந்த கரு என்பதால் கொலைக் குற்றச்சாட்டு.

விசாரணை அறையில் நடப்பதுதான் இந்தப் படத்தின் வர்க்கப் பாடம். நாதெருக்கு எப்போது பேச வேண்டும், எந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று தெரியும். சாட்சிக்கு மகளின் ஆசிரியை கிடைக்கிறார். ஜாமீனில் வெளியே வர வழி கிடைக்கிறது. ஹொஜ்ஜத் கத்துகிறான், தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறான், இவரைப் போல எனக்குப் பேசத் தெரியாது என்கிறான். நீதிபதி நியாயமாகத்தான் நடக்கிறார். கத்துகிறவனை எச்சரிக்கிறார், அமைதியாகப் பேசுகிறவரைக் கேட்கிறார். ஒழுங்கு முறைப்படி நடந்தே ஒரு பக்கம் சாய்கிறது தராசு.

இறுதியில் பேச்சுவார்த்தை. ஹொஜ்ஜத்தின் வீட்டில் கடன்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். வரப்போகும் பணம் யாருக்குப் போகும் என்பதில் சந்தேகமே இல்லை. நாதெர் காசோலையோடு வந்து ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறார்: என்னால்தான் கரு கலைந்தது என்று ரஸியே குரானைத் தொட்டுச் சொல்லட்டும். முந்தின நாள் கார் மோதியதை அறிந்த ரஸியேயால் முடியவில்லை. பொய்ச் சத்தியத்தில் வரும் பணம் பிள்ளைக்கு ஆகாது என்று பயப்படுகிறாள். அவள் கர்ப்பிணி என்று தனக்குத் தெரியாது என நாதெர் சொன்ன பொய்க்கு மகள்கூடத் துணை நின்றாள். ரஸியேவுக்கு ஒரு பொய்கூடக் கட்டுப்படியாகவில்லை. ஏழைகள் நல்லவர்கள் என்று ஃபர்ஹாதி சொல்லவில்லை. பொய் சொல்லக்கூட வசதி வேண்டும் என்கிறார்.

ஆக, முன்பணம் தரையைப் பிடுங்குகிறது. இரத்தப்பணம் உடலுக்கு விலை வைக்கிறது. இரண்டிலும் சட்டம் மீறப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கடனுக்குச் சிறை

ஈரானில் காசோலை, கடன் பத்திரம் போன்றவற்றில் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட தொகையைக் கட்ட முடியாதவர்கள் சிறைக்குப் போவது வழக்கமான செய்தி. அவர்களை மீட்க ரமலான் மாதத்தில் 'கோல்ரீஸான்' என்ற பெயரில் நன்கொடைக் கூட்டங்கள் நடக்கும். ஃபர்ஹாதியின் 'எ ஹீரோ' (2021) ஷிராஸ் நகரில் இப்படிச் சிறையிலிருக்கும் ரஹீமின் கதை. இரண்டு நாள் விடுப்பில் வருகிறவன் தங்கக் காசுகள் உள்ள பையை உரியவரிடம் சேர்த்ததற்காக ஊர் கொண்டாடும் நல்லவனாகி, அதே வேகத்தில் சந்தேகத்துக்குரியவனும் ஆகிறான்.

பணத்தைத் திருப்பிக் கேட்கும் பஹ்ராமை வில்லனாகப் பார்த்துவிடுவது எளிது. அவரும் ஒரு நகலெடுக்கும் கடைக்காரர்தான். ரஹீமுக்காக ஜாமீன் நின்று, மகளின் சீர்வரிசைக்கு வைத்திருந்ததை இழந்தவர். பள்ளத்தில் இருப்பவர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்திருக்கிறார்கள். பணக்காரர் என்று சொல்லத்தக்கவர் யாரும் அந்தப் படத்தில் முகம் காட்டுவதே இல்லை.

டாலர் ஏறினால் கடை போகும்

2018 மே மாதம் அமெரிக்கா, ஈரானுடன் செய்திருந்த அணு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலர் 5,000 தோமானுக்குக் கீழே இருந்தது. செப்டம்பர் கடைசியில் 15,000 தோமானைத் தாண்டியது. சேமிப்பு நாணயத்தில் இருந்தவர்கள் கரைந்தார்கள். வீடு, தங்கம், டாலர் என்று வைத்திருந்தவர்கள் ஏறினார்கள். உழைப்பால் உண்டான வித்தியாசம் எதுவும் இதில் கிடையாது.

சயீத் ரூஸ்தாயீயின் 'லெய்லாஸ் பிரதர்ஸ்' (2022) இதைக் குடும்பக் கூடத்துக்குள் கொண்டுவருகிறது. ஆலை மூடப்பட்டு, பாக்கிச் சம்பளம்கூடக் கிடைக்காமல் திரும்பும் ஒரு சகோதரன். வணிக வளாகத்தில் கழிவறை கழுவும் இன்னொருவன். அந்தக் கழிவறை இருக்கும் இடத்தையே கடைகளாக மாற்றப்போகிறார்கள். அதில் ஒன்றை வாங்கிவிட்டால் எல்லோரும் பிழைக்கலாம் என்பது லெய்லாவின் திட்டம். அப்பாவோ ஒளித்துவைத்திருக்கும் 40 தங்கக் காசுகளைச் சொந்தக்காரர் கல்யாணத்தில் அன்பளிப்பாகக் கொடுத்து, குலத்தலைவர் என்ற பட்டம் வாங்க ஆசைப்படுகிறார். கையில் இருக்கிற ஒரே மூலதனம் கௌரவத்துக்கா, கடைக்கா என்று சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, அமெரிக்க அதிபரின் ஒரு ட்வீட்டில் விலைகள் துள்ளுகின்றன. நேற்று எட்டிய கடை இன்று எட்டவில்லை. அப்பா மேல் கோபம் வருகிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க யாரும் மதிக்காத ஒரு மனிதர் மரியாதையை விலைக்கு வாங்கப் பார்த்தார் என்பதும் தெரிகிறது. இரண்டையும் ஒருசேர உணர வைப்பதுதான் ரூஸ்தாயீயின் கெட்டிக்காரத்தனம்.

பள்ளத்துக்கும் கீழே

ஈரானியத் தொழிலாளிக்கும் கீழே ஒருவர் உண்டு: ஆஃப்கன் அகதி. கட்டடம், செங்கல் சூளை, பண்ணை போன்ற குறிப்பிட்ட உடலுழைப்பு வேலைகளுக்கே சட்டம் அவர்களை அனுமதிக்கிறது. மஜிதியின் 'பரான்' (2001) படத்தில் ஆய்வாளர்கள் வரும் செய்தி கேட்டதும் கட்டுமானத் தளத்தில் பாதிப் பேர் ஒளிந்துகொள்கிறார்கள். பனாஹியின் 'தி ஒயிட் பலூன்' (1995) தங்கமீன் வாங்கப் போகும் சிறுமியின் இனிய கதை என்றே நினைவில் நிற்கும். புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் அண்ணனும் தங்கையும் மீனோடு வீட்டுக்குப் போய்விட, கேமரா அவர்கள் பின்னால் போகாமல் பலூன் விற்கும் ஆஃப்கன் பையனிடமே நின்றுவிடுகிறது. எந்தப் பாத்திரத்தின் கதையை நாம் தொண்ணூறு நிமிடம் கவனிக்காமல் இருந்தோம் என்று அந்தக் கடைசி நொடியில் உறைக்கிறது.

இவ்வளவு சுற்றிவளைத்து ஏன் சொல்கிறார்கள்?

ஈரானில் படமெடுக்கவும் வெளியிடவும் தனித்தனி அனுமதி வேண்டும். 1979 புரட்சி ஒடுக்கப்பட்டவர்கள் பெயரால் நடந்தது. அந்த ஒடுக்கப்பட்டவர்கள் இன்னும் அப்படியே இருக்கிறார்கள் என்று காட்டுவது அரசுக்கு உவப்பானதல்ல. நாட்டைக் கறுப்பாக மட்டும் காட்டுகிறார்கள் என்பதைக் குறிக்க 'ஸியாஹ்-நமாயி' என்று ஒரு வசவே அங்கே புழக்கத்தில் இருக்கிறது. 'கிரிம்சன் கோல்டு' திரையரங்குகளுக்கு வரவில்லை. 'லெய்லாஸ் பிரதர்ஸ்' தடை செய்யப்பட்டது. அனுமதியின்றி பிரான்சின் கான் திரைப்பட விழாவுக்குக் கொண்டுபோனதற்காக ரூஸ்தாயீக்கு 2023இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது, பெரும்பகுதி நிறுத்திவைக்கப்பட்டதாகச் செய்தி. நேரடிக் குற்றச்சாட்டுக்கு இடமில்லாதபோது செருப்பும் பலூனும் பேச வேண்டியிருக்கிறது. குழந்தைகள் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அந்த 'எளிமை' பாதி ரசனை, பாதி நெருக்கடி.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', 'அண்டர் தி ஸ்கின் ஆஃப் தி சிட்டி', 'எ செப்பரேஷன்', 'லெய்லாஸ் பிரதர்ஸ்' என்ற வரிசையில் போகலாம். படத்தில் யாராவது ஒரு தொகையைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். அதிகாரபூர்வ நாணயம் ரியால். மக்கள் பேச்சில் தோமான். பத்து ரியால் ஒரு தோமான். துணைத்தலைப்புகளில் எது போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தொகை பேசுகிறவரின் எத்தனை மாதக் கூலி என்று யோசியுங்கள். அடுத்த காட்சியில் அவர் ஏன் கத்துகிறார் என்று தனியாக யாரும் விளக்க வேண்டியிருக்காது.